ஓர் ஆள் எடை

சௌல்தாரி
12-12-2024

அன்பு மகள் அகிலாவுக்கு உன் சித்தப்பா தம்பையா எழுதுவது.

இங்கே நானும் உன் சித்தி சந்திரமதியும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். எனக்கு நாடி பார்த்த டாக்டர், இருபது வயசுப் பையன் நாடி என்று சொல்லி நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். கோயமுத்தூர்ப் பனியில் அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் உன் சித்தி பக்கத்தில் நின்று வார்த்தைக்கு வார்த்தை திருத்துகிறாள். "அம்பது பேர் இல்ல, அஞ்சு பேர்." "பாம்பு இல்ல, மண்புழு." ஒரு மனுஷன் எப்படித்தான் பேசுவது? கடிதம் என்றால் என் ராஜ்யம். அடியில் இரண்டு வரி மட்டும் வழக்கம்போல் அவளுக்கு விட்டுவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்தமானை விட்டு மெயின்லேண்ட் போன பிறகு நான் வாங்கிய டிராக்டரை நீ பார்த்ததில்லை. பார்க்கிறவன் மினி டிராக்டர் என்பான். பேர்தான் மினி. உள்ளே இருப்பது நாற்பத்தைந்து எச்.பி. காலையில் கிளப்பினால் தூரத்து ஊர் ஃபெரார்கஞ்சில் தூங்குகிற பிள்ளை எழுந்து அழும்.

நம் தோட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் காய்கறி போடுகிற நீலாவதியை உனக்குத் தெரியும். புருஷன் போனபிறகு தனி ஆளாய்ப் பாடுபடுகிறாள். மார்ச் வந்தால் அவள் கிணறு காய்ந்து பாதிச் செடி கருகிவிடும். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு குளம் வெட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். நான் சும்மா இருப்பேனா? டிராக்டரை இறக்கினேன். வண்டி மாட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதே. வண்டி மாட்டவில்லை, பூமிதான் இளகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ரோடு வேலைக்கு வந்த பெரியதம்பி தன் ஜேசிபியை ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் இருக்கிற தோண்டுகிற கையால் என் வண்டியைப் பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் தூக்கி ரோட்டில் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "எனக்கும் அந்தக் கை வருது. கோயமுத்தூர்ல என் அண்ணன் மக கம்பெனியிலதான் செய்யுறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கையைப் பேக்ஹோ என்கிறார்கள், டிராக்டருக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்ளலாமாம். வாங்கலாமா, வேண்டாமா? நீ வாங்கலாம் என்று எழுதினால் நல்லது.

இப்படிக்கு, நீ நினைப்பதைவிடப் பத்து மடங்கு நலமாக இருக்கும்
சித்தப்பா

அகிலா, சித்தி. நெத்திலிக் கருவாடு பார்சல் அனுப்பியிருக்கிறேன், அப்பா கண்ணில் காட்டாதே. உன் சித்தப்பா எழுதியிருப்பதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்.


கோயமுத்தூர்
28-12-2024

அன்புள்ள சித்தப்பாவுக்கும் சித்திக்கும்,

அப்பாவுக்கு இருமல் குறைந்து மாலையில் நடக்கப் போகிறார். கருவாட்டை ஒளித்துத்தான் வைத்தேன், வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு வேலை அதிகம், மற்றபடி குறை ஒன்றும் இல்லை. சித்தியின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பேக்ஹோவைப் பற்றி. எங்கள் பட்டறையில் வண்டிக்கு ஏற்ற அளவு பார்த்துச் சொல்வதுதான் என் வேலை, விற்பது இல்லை. அதனால் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். வருடத்துக்கு எத்தனை நாள் தோண்டுவீர்கள்? ஒரே ஒரு குளத்துக்காக என்றால் வாங்க வேண்டாம். பெரியதம்பி அண்ணனையே கூப்பிட்டுத் தோண்டச் சொல்லுங்கள்.

இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கேளுங்கள். இதில் இரண்டு வகை. ஒன்று, கலப்பை மாட்டுகிற இடத்தில் அப்படியே தொங்கவிடுவது. அது தோண்டும்போது இழுக்கிற இழுப்பில் சின்ன வண்டியின் நடுவே விரிசல் விட்டுவிடும். இன்னொன்று, வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன் அச்சு வரை ஒரு சட்டம் போட்டு அதில் பூட்டுவது. அதுதான் பத்திரம். ஆனால் அந்தச் சட்டத்தை ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக வெட்ட வேண்டும். கப்பலில் ஏற்றி உங்களிடம் வந்தபிறகு பொருந்தவில்லை என்றால் அது வெறும் இரும்பு.

அதனால் ஒரு உதவி. என்ஜின் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும். அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். மாடலும் எச்.பி.யும் பதிந்துவிடும். போனில் எடுத்த படத்தை நம்பி ஒருமுறை தப்பாக வெட்டிவிட்டதால் முதலாளி இப்போது தேய்த்த தாள்தான் கேட்கிறார்.

அன்புடன்
அகிலா


சௌல்தாரி
16-01-2025

அன்பு மகளுக்கு,

பொங்கல் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, அவ்வளவு செழிப்பு. நானும் உன் சித்தியும் கல்லுக்குண்டு மாதிரியே இருக்கிறோம். அவள் முட்டிவலி என் டிராக்டர் சத்தம் கேட்டே ஓடிவிட்டது. அண்ணனுக்கு என் வணக்கம் சொல்.

தகட்டைத் தேய்க்கச் சொன்னாய். எங்கள் கடல் காற்றைப் பற்றி உனக்கு மறந்துபோய்விட்டது போலிருக்கிறது. தகட்டில் ஒரு எழுத்து மிச்சமில்லை. நாற்பத்தைந்து என்று நான் சொல்கிறேனே, உன் சித்தப்பன் வாயைவிடவா ஒரு தகரம் பெரிது? உன் முதலாளியிடம் இந்தக் கடிதத்தையே காட்டு.

ஒரு வேலையாகப் போர்ட் பிளேர், அபர்டீன் பஜார் போனேன். டீக்கடையில் பேச்சோடு பேச்சாகப் பேக்ஹோ வருகிறது என்று சொன்னேன். திரும்பி பஸ் ஏறுவதற்குள் நாலு பேர் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இப்போது என் பேரே பேக்ஹோ தம்பையா. கண்டக்டர்கூட "பேக்ஹோ சாப், ஆகே பைட்டியே" என்று முன் சீட்டைக் காட்டுகிறான்.

பெரியதம்பி போன வாரம் நீலாவதி பள்ளத்துக்கு வந்தான். "மாமா, ரோடு வேலை முடிஞ்சுது. நாளைக்கு வண்டி திக்லிபூர் போகுது, மழைக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம். இன்னைக்குச் சும்மாதான் நிக்குது. அக்காவுக்கு ஒரு குழி போட்டுக் குடுத்துட்டுப் போறேன்" என்றான்.

நீலாவதி என்னைப் பார்த்தாள். சுற்றி ஆள் நிற்கிறது. அன்றைக்குச் சிரித்தவர்கள்தான். நான் என்ன சொல்ல முடியும்? "வேணாம் பாய், நம்ம வண்டிக்கே கை வருது" என்றேன்.

"நிச்சயமா அண்ணே?" என்றாள்.

"பக்கா" என்றேன்.

ஜேசிபி போய்விட்டது. அது ரோட்டு முனையில் திரும்புகிறவரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெயில்தான் காரணம்.

உன் கம்பெனி நேரமெடுத்தாலும் கவலையில்லை. புரோத்ராபூரில் ஒரு காண்ட்ராக்டர் கொட்டகையில் பழைய பேக்ஹோ ஒன்று சும்மா கிடக்கிறது. கலப்பை மாட்டுகிற இடத்தில் தொங்கவிடுகிற ஜாதி. கேட்டால் தருவான், என் பேரில் அவ்வளவு மரியாதை.

இப்படிக்கு
பேக்ஹோ தம்பையா

சித்தி எழுதுகிறேன். ஜேசிபியை அனுப்பியிருக்கக் கூடாது. பஸ்ஸில் நானும் இருந்தேன், கண்டக்டர் அப்படிச் சொல்லவில்லை, "சாச்சா, தள்ளி உட்காருங்க" என்றான். நீலாவதி நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை.


கோயமுத்தூர்
03-02-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். சித்தியின் முட்டிவலி ஓடிவிட்டது என்று நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், சிரித்து மறுபடி இருமிவிட்டார்.

உங்கள் கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். நாற்பத்தைந்து எச்.பி. என்று வைத்துச் சட்டத்துக்குப் படம் வரைந்திருக்கிறேன். ஆனால் வெட்டக் கொடுக்கவில்லை. தகட்டில் அரை எழுத்து இருந்தாலும் தேய்த்து அனுப்புங்கள், மிச்சத்தை நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன்.

புரோத்ராபூர் பேக்ஹோவைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்தப் பள்ளம் சரிவு என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னால் அத்தனை கனம் தொங்கினால் முன் சக்கரம் மேலே எழும்பிவிடும். நான் சொல்லிக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். மாட்டித்தான் பார்ப்பேன் என்றால், முன் பம்பரில் குறைந்தது ஓர் ஆள் எடையாவது ஏற்றாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள்.

நீலாவதி அக்காவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
அகிலா


சௌல்தாரி
24-02-2025

அன்பு மகளுக்கு,

நலம். எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு எழுது.

பேக்ஹோ இப்போதைக்கு அவசரமில்லை என்று உன் முதலாளியிடம் சொல். பெரிய கம்பெனி, அவர்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும்.

உன் சித்தியை ஓய்வெடு என்று சொல்லிவிட்டேன். சமையல் இப்போது நான்தான். நேற்று வைத்த மீன்குழம்பு வாசத்துக்கு ரோட்டில் போன ஆட்டோ நின்றுவிட்டது.

ஒரு விஷயம் விசாரித்து எழுது. இங்கே நம் மாட்டுக்குக் கால் ஒடிந்துவிட்டது. மெயின்லேண்டில் எலும்பு சீக்கிரம் கூட என்ன கொடுப்பார்கள்? பழையபடி நடக்குமா? நொண்டுமா? படுத்தே கிடக்கிறது, எதையும் கேட்பதில்லை, தண்ணீர்கூட நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான். கொஞ்சம் வயசான மாடு. ஐம்பத்தாறு. மாட்டுக்கு எப்படி வயசு கணக்குப் பண்ணுவார்கள் என்று எனக்குத் தெரியாது, அதை விடு.

வேறு விசேஷம் இல்லை.

சித்தப்பா


கோயமுத்தூர்
08-03-2025

சித்தப்பாவுக்கு,

அப்பா சுகம். நான் சுகம்.

நீங்கள் மாடு வைத்திருப்பது எனக்குத் தெரியாது. சித்திக்கு மாடு என்றாலே பயம், குறுக்கே மாடு நின்றால் சுற்றிப் போவார்.

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் சித்தியின் இரண்டு வரி இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்காக ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து அந்த இரண்டு வரி இல்லாமல் உங்கள் கடிதம் வந்ததில்லை. ஒருமுறை இடமில்லாமல் ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்தார்.

போன் செய்தேன். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றீர்கள். அடுத்த நாளும் கோயில் என்றீர்கள். பின்னால் யாரோ அனத்துகிற சத்தம் கேட்டது. டிவி என்றீர்கள்.

சித்தி எப்படி இருக்கிறார்?

அகிலா


கோயமுத்தூர்
29-03-2025

சித்தப்பாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போனை எடுத்ததும் "கேக்கல, கேக்கல" என்று வைத்துவிடுகிறீர்கள். எனக்கு நன்றாகக் கேட்கிறது.

என்ன நடந்திருந்தாலும் எழுதுங்கள். நான் திட்டமாட்டேன். அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அகிலா


சௌல்தாரி
14-04-2025

அகிலா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் பெரிய காற்று அடித்தது. இரண்டாவதில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மூன்றாவதில் பிரேக் பிடிக்கவில்லை. காற்று இல்லை. மாடு இல்லை. பிரேக் நன்றாக இருக்கிறது.

உன் சித்திக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து எலும்பைச் சேர்த்திருக்கிறார்கள். மாவுக்கட்டு இன்னும் இருக்கிறது. ஒடித்தது நான்தான்.

புரோத்ராபூரிலிருந்து அந்தப் பழைய பேக்ஹோவைக் கொண்டுவந்தேன். மரியாதைக்குத் தரவில்லை, மூன்று நடை போய்க் கெஞ்சினேன். ஓர் ஆள் எடை என்று நீ எழுதியதைச் சித்தியே எனக்குப் படித்துக் காட்டினாள். இருவருமாகச் சாக்கில் மண் நிரப்பி நாலு மூட்டை கட்டிப் பலாமரத்தடியில் வைத்தோம். அவள்தான் வாயைத் தைத்தாள்.

காலையில் பள்ளத்தில் நூறு பேர் கூடிவிட்டார்கள். நூறு இல்லை. பத்துப் பன்னிரண்டு பேர். பேக்ஹோ தம்பையா குளம் வெட்டுகிறார் என்று வந்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மூட்டையைத் தூக்கி பம்பரில் கட்டினால் என்ன நினைப்பார்கள்? சின்ன வண்டி, தானாக நிற்கத் தெம்பில்லாமல் மண்மூட்டை சுமக்கிறது என்பார்கள். அதற்காக மூட்டையைப் பலாமரத்தடியிலேயே விட்டுவிட்டேன்.

சித்தியைக் கூப்பிட்டு, பம்பரில் ஏறி நில் என்றேன். "நீ முன்னாடி நின்னு ஆழம் பாத்துச் சைகை காட்டு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். முன்னால் நிற்கிறவளுக்குப் பின்னால் தோண்டுகிற குழி எப்படித் தெரியும்? ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. அவள் என் காதில் மட்டும், "மூட்டை எங்கே?" என்றாள். "பெரிய வண்டிக்கு எதுக்கு மூட்டை, ஏறு" என்றேன். முட்டிவலியோடு புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

முதல் அள்ளலில் மண் வந்தது. கை தட்டினார்கள். இரண்டாவதில் ஒரு வேர் மாட்டியது. விட்டுவிட்டு வேறு இடத்தில் தோண்டியிருக்கலாம். கை தட்டினவர்கள் பார்க்கிறார்கள் என்று பலமாக இழுத்தேன். வண்டி தலையைத் தூக்கிவிட்டது. அவள் கீழே விழுந்ததை நான் பார்க்கவில்லை, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். நீலாவதி கத்தினாள். பயத்தில் லிவரை விட்டேன். வண்டி முன்பக்கம் இறங்கியது. அவள் கால் அங்கேதான் இருந்தது.

இதை எழுதிவிட்டேன். இதைவிடப் பெரியது இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர் ஒருவர், எப்படி விழுந்தார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். நான், "பாக்குத் தோப்பில் வழுக்கி விழுந்துவிட்டாள்" என்றேன். சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். இப்போது திருத்துவாள் என்று காத்திருந்தேன் அகிலா. கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைத் திருத்துகிறவள். மண்புழுவைப் பாம்பு என்றால் விடாதவள். அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "ஆமா டாக்டர், வழுக்கிட்டேன்" என்றாள்.

அவள் திருத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து அவள் எதையும் திருத்துவதில்லை. போன வாரம் வேண்டுமென்றே, படகு நீளத்துக்கு ஒரு சுறா வந்திருந்தது என்று சொன்னேன். "அப்படியா" என்றாள். அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் அடியில் இடம் விட்டுக் கொடுத்தேன். "என்ன எழுத, நீங்களே எழுதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவளை நலமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

தகட்டைத் தேய்த்த தாள் இதோடு இருக்கிறது. எழுத்து ஒன்றும் அழியவில்லை. எச்.பி. எண்ணை நீயே பார்த்துக்கொள், என் கையால் எழுத முடியவில்லை.

தம்பையா


கோயமுத்தூர்
25-04-2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இருபத்திரண்டு. பார்த்தேன்.

சித்தி முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டார், பாதியை எடுத்துக்கொள் என்று. நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். பட்டறையில் எல்லோரிடமும் என் சித்தப்பாவிடம் பெரிய வண்டி இருக்கிறது என்று பெருமை பேசினது நானும்தான். தகட்டைப் பார்க்காமல் படம் வரைந்தேன். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் ஆள் எடை என்று எழுதினது என் கை. தொடாதீர்கள் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனை கிலோ என்று எழுதியிருக்கலாம், இரும்புக்கட்டி என்று எழுதியிருக்கலாம். உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன் என்று ஒரு ஆளைக் கொண்டுபோய் அந்த பம்பரில் நிறுத்திவிட்டேன். மூன்று நாளாக டிராயிங் பலகைக்கு முன்னால் உட்கார முடியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வாங்க வேண்டாம். படத்தை நானே கிழித்துவிட்டேன். இருபத்திரண்டு எச்.பி. என்பது மட்டமான வண்டி இல்லை சித்தப்பா. டிரெய்லர் கட்டி மண் சுமக்க அதைவிட நல்ல வண்டி கிடையாது. அதற்கு நீங்கள் தப்பான வேலை கொடுத்தீர்கள்.

நீலாவதி அக்காவிடம் உண்மையைச் சொன்னீர்களா? அவருக்கு இந்த மழைக்குக் குளம் இல்லை. அப்பாவிடமும் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

சித்திக்குக் கால்சியம் மாத்திரையும் நல்லெண்ணெயும் பார்சலில் வருகிறது. மாட்டுக்கு இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

அகிலா


சௌல்தாரி
20-05-2025

அன்பு மகள் அகிலாவுக்கு,

உன் சித்தி மாவுக்கட்டைப் பிரித்து ஊன்றுகோலில் நடக்கிறாள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், அது சரியாகும் என்கிறார்கள். என் நலம் அதோடு ஒட்டியது. அண்ணனுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "அவ கிட்ட போனைக் குடு" என்றார். அவர்கள் பேசினதை நான் கேட்கவில்லை, வெளியே போய்விட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது அந்தச் சின்ன டாக்டரிடம் நானாகப் போய், பாக்குத் தோப்பில் இல்லை சாப், டிராக்டரில் என்றேன். அவருக்கு எங்களை நினைவே இல்லை. "டீக் ஹை, டீக் ஹை" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதுவும் எனக்கு வேண்டியதுதான்.

நீலாவதியிடம் போனேன். பள்ளத்தில் காய்ந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது இருபத்திரண்டுதான் நீலாவதி" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"உங்க வண்டி மாட்டின அன்னைக்கே தெரியும். நாங்க என்ன டிராக்டரே பாக்காதவங்களா?"

"அப்புறம் ஏன் ஜேசிபியைப் போகவிட்டே?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "நீங்க அத்தனை பேருக்கு முன்னாடி பக்கான்னீங்க. உங்களை எப்படிண்ணே பொய்யாக்குறது? அக்காவும் அதுக்குத்தானே ஏறி நின்னாங்க?"

 திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் டீ கொடுக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெட்டின மண்ணை டிரெய்லரில் ஏற்றி மேட்டில் கொட்டினேன். நீ சொன்னது சரி, மண் சுமப்பதற்கு நம் வண்டி யானை. மூன்றாவது நாள் அவளும் கடப்பாரையோடு இறங்கினாள். போகிறவர்கள் "கியா பேக்ஹோ சாப், கை எங்கே?" என்று கேட்டார்கள். என் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். முதல் நாள் அப்படிக் காட்டக் கஷ்டமாக இருந்தது. இப்போதும் கஷ்டம்தான். காட்டுகிறேன்.

உன் சித்தி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்கிறாள். பேசமாட்டாள். அந்த மண்மூட்டை நாலையும் அவிழ்த்துக் கரைக்குப் போடச் சொன்னேன். அவள் தைத்த நூலை அவளே பிரித்தாள்.

மழை விழுந்துவிட்டது மகளே. நாலு நாளாக விடாமல் ஊற்றுகிறது. குளம் எட்டடி ஆழம், தண்ணீர் ததும்பி நிற்கிறது. நேற்று ஊரே திரண்டு இருபது பேர் கரையில் நின்று பார்த்துவிட்டு, இஞ்ஜினியர் வெட்டின குளம் என்றார்கள்.

அடியில் இடம் விட்டிருக்கிறேன். அவள் எழுதினால் எழுதட்டும்.

உன்
சித்தப்பா

அகிலா, சித்தி. எட்டடி இல்லை. என் ஊன்றுகோலை இறக்கிப் பார்த்தேன், அக்குளில் வைக்கிற கட்டை மட்டும் தண்ணீருக்கு வெளியே நிற்கிறது. நாலடிதான் இருக்கும். இருபது பேரும் இல்லை, குடையைப் பிடித்துக்கொண்டு நானும் நீலாவதியும்தான் நின்றோம். தண்ணீர் நிற்கிறது, அது நிஜம்.